சிரிப்பு கேட்கிறது, காரணம் தெரியவில்லை: இசை நகைச்சுவை நாடகத்தை வானொலியில் நேரடியாக அஞ்சல் செய்வது எப்படி?

திரைமறைவு

வணக்கம். எங்கள் குழு மேடையேற்றும் இசை நகைச்சுவை நாடகம் ஒன்றை அரங்கிலிருந்து அப்படியே அஞ்சல் செய்ய ஒரு வானொலி நிலையம் ஒத்துக்கொண்டிருக்கிறது. இரண்டு அங்கம், நடுவில் இடைவேளை. வாத்தியக் குழு மேடைக்கு முன்னால் பள்ளத்தில். டிக்கெட் வாங்கிய கூட்டம் எதிரே. பதிவு செய்து வெட்டி ஒட்டி அனுப்பும் வேலை இல்லை, நேரடி.

ஒத்திகையை ஒருநாள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பார்த்தேன். பாட்டெல்லாம் ஜோர். வசனமும் பரவாயில்லை. ஆனால் முதல் அங்கத்தில் கதாநாயகன் அவசரத்தில் தன் கோட்டுக்குப் பதிலாகச் சமையற்காரருடைய கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, கை உள்ளே போகாமல் திண்டாடுகிற இடம் ஒன்று இருக்கிறது. ஒரு வார்த்தை கிடையாது. நாடகத்திலேயே பெரிய சிரிப்பு அங்கேதான் வரும். வானொலிப் பெட்டி முன்னால் இருப்பவருக்கு என்ன போய்ச் சேரும்? துணி உரசும் சத்தம், அப்புறம் யார் யாரோ விழுந்து விழுந்து சிரிப்பது. அவ்வளவுதான்.

குழுவுக்குள் மூன்று கட்சி. வர்ணனையாளர் ஒருவரை வைப்போம் என்கிறது ஒன்று. வசனத்தைக் கொஞ்சம் மாற்றுவோம் என்கிறது இன்னொன்று. ஒன்றும் செய்யாதே, அரங்கில் இருக்கிற உணர்வு வந்தால் போதும் என்பது மூன்றாவது. செய்தவர்கள், கேட்டவர்கள், யாராக இருந்தாலும் சொல்லுங்கள்.

ஃபேடர்விரல்

வர்ணனையை அப்புறம் பார்க்கலாம். வானொலிக்குப் போகும் ஒலியை யார் கலக்கப் போகிறார்கள்? அரங்கின் ஒலிபெருக்கியைக் கவனிப்பவரே இதையும் பார்த்துக்கொள்வார் என்று யாராவது சொன்னால் இப்போதே முடியாது என்றுவிடுங்கள்.

டிரம்மும் டிரம்பெட்டும் மைக் இல்லாமலே அரங்கை நிறைத்துவிடும். அதனால் ஒலிபெருக்கிக்கு அவற்றை அநேகமாகக் கொடுக்கவே மாட்டார்கள், குரல்களை மட்டும் ஏற்றுவார்கள். உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு நேராக வருவதும் பெருக்கி வருவதும் சேர்ந்து சரியாகிவிடும். ஒலிகளைக் கலக்கும் அந்த மிக்ஸர் கருவியிலிருந்து ஒரு வயரை இழுத்து நிலையத்துக்கு அனுப்பினால் குரல் மொட்டையாக முன்னால் நிற்கும், வாத்தியம் எங்கோ தூரத்தில் முனகும், கூட்டம் இருப்பதே தெரியாது.

ஒவ்வொரு மைக்கையும் மேடையிலேயே ஸ்ப்ளிட்டர் போட்டு இரண்டாகப் பிரித்துவிடுங்கள். ஒரு பங்கு அரங்குக்கு, ஒரு பங்கு வானொலிக்கு. வானொலிக்குத் தனி ஆள், தனி மிக்ஸர், அரங்கச் சத்தம் நுழையாத தனி அறை அல்லது ஓபி வண்டி, அதாவது வெளியிடத்திலிருந்து ஒலிபரப்பக் கருவிகள் பொருத்திய வண்டி. அரங்கின் மூலையிலேயே ஹெட்போன் மாட்டிக்கொண்டு கலந்தால் எது வயரில் வருகிறது, எது காற்றில் வருகிறது என்று பிரித்தறிய முடியாது.

அடுத்தது நடிகர்களின் மைக். நெற்றியில் முடி தொடங்கும் இடத்தில் ஒளித்துவைக்கிற சின்ன மைக்தானே? மேடையில் எத்தனை பேர் நின்றாலும் எல்லா மைக்கையும் திறந்து வைக்கக் கூடாது. இருவர் நெருங்கி நின்று பேசும்போது ஒருவர் குரல் இரண்டு மைக்கிலும் துளிக் கால வித்தியாசத்தோடு விழும். இரண்டும் கலந்தால் குரல் குழாய்க்குள்ளிருந்து வருகிற மாதிரி உள்ளீடற்றுப் போகும். பேசுகிறவர் ஃபேடர் (மிக்ஸரில் ஒலியை ஏற்றி இறக்கும் தள்ளுகுமிழ்) மட்டும் மேலே, முடித்ததும் கீழே. வசனப் பிரதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிக்கு வரி விரலை நகர்த்த வேண்டும். சோக நாடகத்தில் ஒரு அசை விட்டுப்போனால் யாரும் கவனிக்க மாட்டார்கள். நகைச்சுவையில் பதிலடியின் முதல் அசை போனால் ஜோக்கே போச்சு.

கடைசிவரிசை

ஒரு சந்தேகம். ஆட்டம் எப்படி வானொலியில் வரும்? ஒரு பாட்டுக்கு நடுவில் மூன்று நிமிடம் ஆடுகிறார்கள் என்றால் கேட்கிறவர் என்ன செய்வார், எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வருவாரா?

ஃபேடர்விரல்

மேடை விளிம்பில் தரையோடு படிகிற தட்டை மைக்குகளை வைப்பார்கள். ஷூ போட்டு டாப் ஆடினால் அந்தக் கால்சத்தம் இன்னொரு தாள வாத்தியம், கேட்க அருமையாக இருக்கும். மைக்குக்குக் கீழே மெல்லிய ஃபோம் வைக்காவிட்டால் யாராவது குதிக்கும்போதெல்லாம் இடி விழும். வெறுங்காலில் ஆடினால் ஒன்றும் கேட்காது. அப்போது தண்ணீர் குடிக்கப் போகலாம்.

பழையவால்வு

இந்த விஷயத்துக்கு வயது வானொலியைவிட அதிகம். 1881-இல் பாரிஸ் மின்சாரக் கண்காட்சியில் கிளெமான் அதேர் என்ற பொறியாளர் ஓப்பரா மேடையின் முன்விளிம்பில் வரிசையாகத் தொலைபேசி அனுப்பிகளை வைத்து, கண்காட்சிக் கூடத்தில் இருந்தவர்களை வயர் வழியாகக் கேட்க வைத்தார். காதுக்கு ஒரு குழல், இரண்டும் மேடையின் வேறு வேறு இடத்திலிருந்து. பாடகர் இடமிருந்து வலம் நடப்பது காதில் தெரிந்ததாம். ஸ்டீரியோவுக்கு அதுதான் கொள்ளுத்தாத்தா. அப்புறம் அது ‘தியாத்ரோஃபோன்’ என்று சந்தா சேவையாகவே ஓடியது.

ஆனால் திரைமறைவு கேட்ட கேள்விக்கு நெருக்கமானது 1922-இல் அமெரிக்காவில் நடந்தது. எட் வின் என்ற மேடை நகைச்சுவை நடிகர் ‘தி பெர்ஃபெக்ட் ஃபூல்’ என்ற தன் பிராட்வே இசை நாடகத்தை நியூவார்க்கில் இருந்த டபிள்யூஜேஇசட் நிலையத்துக்குக் கொண்டுபோய் ஒலிபரப்பினார். அரங்கிலிருந்து அல்ல, நிலையத்து அறையிலிருந்து. முதல் ஜோக்கைச் சொல்கிறார். நிசப்தம். இரண்டாவது ஜோக், அதற்கும் நிசப்தம். மைக் சிரிக்காது அல்லவா? மனிதர் வெலவெலத்துப் போனார். கட்டடத்தில் அகப்பட்ட ஊழியர்கள், துப்புரவுப் பணியாளர்கள், மின்பணியாளர்கள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு வந்து எதிரே உட்கார வைத்த பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது என்பார்கள். பத்து ஆண்டு கழித்து, 1932-இல், டெக்ஸகோ எண்ணெய் நிறுவனத்தின் ஆதரவில் வாராந்தர நிகழ்ச்சி நடத்தியபோதும் எதிரே கூட்டம் வைத்துக்கொண்டார், வேஷமும் போட்டுக்கொண்டார். வானொலியில் வேஷம்! யாருக்கு? எதிரே உட்கார்ந்து சிரிப்பவர்களுக்கு.

இரண்டாம்அங்கம்

ஐயா, அந்தக் கதை எனக்கு வயிற்றில் புளியைக் கரைக்கிறது. நான் மேடை நடிகன். நகைச்சுவை வேஷம்தான் பிழைப்பு. கூட்டம் இல்லாமல் ஜோக் சொல்லச் சொன்னால் எனக்கும் கை கால் ஓடாது.

வெளியே இருப்பவர்களுக்கு ஒன்று புரிவதில்லை. சிரிப்பு வந்ததும் நடிகன் சும்மா நிற்பதில்லை, அதை எடை போட்டுக்கொண்டு நிற்கிறான். சிரிப்பு ஏறும், உச்சிக்குப் போகும், சரியத் தொடங்கும். உச்சியில் பேசினால் வசனம் மூழ்கிப்போகும். முழுக்க அடங்கட்டும் என்று காத்திருந்தால் அரங்கு ஆறிப்போகும், மறுபடி முதலிலிருந்து சூடேற்ற வேண்டும். பாதி சரிந்து, சத்தத்துக்கு மேலே குரல் ஏற இடம் கிடைக்கிற அந்த நொடியில் அடுத்த வரியைப் போட வேண்டும். ஒவ்வொரு நாளும் அந்த இடம் மாறும்.

இப்போது இதை வானொலியில் யோசித்துப் பாருங்கள். கூட்டத்தின் மைக்கைக் குறைத்து வைத்திருந்தால் நான் காத்திருக்கிற அந்த நேரம் நேயருக்கு வெறும் ஓட்டை. ‘வசனத்தை மறந்துட்டான் பாவம்’ என்றுதான் நினைப்பார். சில ஒலிபரப்புகளில் இந்த லட்சணத்தில்தான் நான் போய்ச் சேர்ந்திருக்கிறேன். சிரிப்பைச் சுத்தமாகத் துடைத்து, என் மௌனத்தை மட்டும் அனுப்பியிருந்தார்கள். கேட்ட நண்பர்கள் உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்கள்.

ஃபேடர்விரல்

நூற்றுக்கு நூறு. கூட்டத்து மைக்கை அலங்காரத்துக்கு வைக்கிறோம் என்று பலர் நினைக்கிறார்கள். நடிகர் ஏன் பேசாமல் நிற்கிறார் என்று நேயருக்குச் சொல்வது அது ஒன்றுதான்.

அதைச் சரியாகச் செய்யச் சில விஷயங்கள். கூட்டத்தைப் பார்த்தபடி ஒரு ஜோடி மைக்கை உயரத்தில் தொங்கவிடுங்கள். இருக்கைக்குப் பக்கத்தில் வைத்தால் ஒரே ஒருவருடைய இருமலும் கனைப்பும் நாடகம் முழுக்க வரும். அந்த மைக்குகளுக்குத் தனி குரூப், அதற்கென்று ஒரு விரல். ஜோக் விழுந்ததும் ஏற்று, நடிகர் மூச்செடுக்கும்போது இறக்கு. இயந்திரத்திடம் விட்டுவிடாதீர்கள். எல்லாவற்றையும் ஒரே லிமிட்டரில், அதாவது ஒலி அளவு மீறினால் தானாக அமுக்கும் கருவியில், போட்டால் சிரிப்பு வெடித்ததும் அது மொத்த ஒலியையும் அமுக்கிவிடும், அமுக்கிய கை எடுபடுவதற்குள் அடுத்த வரி தொடங்கியிருக்கும். அந்த வரி கிணற்றுக்குள் போய்விடும்.

இன்னொன்று, காலதாமதம். ஒலி ஒரு நொடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் போகும். மீட்டருக்குச் சுமார் 3 மில்லி நொடி. கூட்டத்து மைக் மேடையிலிருந்து 20 மீட்டரில் இருந்தால் நடிகர் குரல் அதில் கிட்டத்தட்ட 58 மில்லி நொடி பிந்தி விழும். அப்படியே கலந்தால் ஒவ்வொரு சொல்லுக்கும் வால் முளைக்கும். மேடை மைக்குகளை மிக்ஸரில் அந்த அளவு பிந்தச் செய்தால் இரண்டும் ஒன்றாக உட்காரும். ஐந்து நிமிட வேலை. ஆனால் முக்கால்வாசிப் பேர் செய்வதில்லை.

காதால்பார்ப்பவள்

எனக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. அதனால் திரைமறைவு ஒத்திகையில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டதைப் படித்ததும் சிரித்துவிட்டேன். தப்பாக நினைக்காதீர்கள், நல்ல காரியம்தான் செய்திருக்கிறீர்கள்.

நாடக அரங்கில் எல்லோரும் சிரிக்கும்போது நான் பக்கத்தில் இருப்பவர் கையைத் தட்டி ‘என்ன ஆச்சு?’ என்று கேட்பேன். அவர் சிரித்துக்கொண்டே ‘இரு, சொல்றேன்’ என்பார். சொல்வதற்குள் அடுத்த சிரிப்பு வந்துவிடும். வானொலியில் தட்டுவதற்குப் பக்கத்தில் ஆள்கூட இல்லை. அன்று ஒரு நாள் உங்கள் நேயர்கள் எல்லோரும் என் இருக்கையில் உட்காரப் போகிறார்கள்.

இதற்கு ஏற்கெனவே வழி கண்டிருக்கிறார்கள். 1981-இல் வாஷிங்டனில் அரீனா ஸ்டேஜ் அரங்கில், பார்வையற்றவர்களுக்காக மேடையில் நடப்பதைக் காதுக்குழலில் விவரிக்கும் ஒலி விவரிப்பு தொடங்கியது. மார்கரெட் ஃபான்ஸ்டீல், கோடி ஃபான்ஸ்டீல் என்ற இருவர் முன்னின்று செய்தார்கள். வசனத்தின் மேல் பேசக் கூடாது, கண்ணால் கண்டதைச் சொல்ல வேண்டும், அபிப்பிராயம் சொல்லக் கூடாது என்பதெல்லாம் இந்தக் கலையின் அரிச்சுவடி.

நகைச்சுவைக்கு நான் ஒன்று சேர்ப்பேன். விவரிப்பு சிரிப்பை முந்தவும் கூடாது, சிரிப்புக்குப் பின்னால் ஓடிவரவும் கூடாது. ‘கதாநாயகன் கோட்டில் கை மாட்டிக்கொண்டு திண்டாடுகிறான்’ என்று கூட்டத்துக்கு முன்னால் எனக்குச் சொன்னால் ஜோக்கை என்னிடமிருந்து பறித்துவிட்டீர்கள். சிரித்து முடித்த பிறகு சொன்னால் அது விளக்க உரை, ஆறிப்போன சமாசாரம். கோட்டு விஷயத்தில் எனக்கு வேண்டியது ஒரே தகவல்: அவன் எடுத்தது சமையற்காரருடைய கோட்டு. அதை அவன் எடுக்கிற நொடியிலேயே சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். பிற்பாடு துணி உரசும்போது, மூச்சு வாங்கும்போது, கூட்டம் முதலில் கிசுகிசுவென்று தொடங்கி அப்புறம் வெடிக்கும்போது, என்ன நடக்கிறது என்பதை நானே பிடித்துவிடுவேன். நானே பிடித்தால்தான் எனக்குச் சிரிப்பு வரும்.

கடைசிவரிசை

இந்தப் பதிவை யாராவது இழைக்கு மேலே ஒட்டி வையுங்கள்.

இரண்டாம்அங்கம்

சகோதரி சொல்வது ஒவ்வொரு வரியும் சரி. ஆனாலும் வர்ணனையாளர் என்றால் எனக்கு ஒப்பவில்லை. நாடகத்துக்குள் இருக்கிற நேயரை, நாடகத்தில் இல்லாத ஒரு குரல் தோளைத் தட்டி வெளியே கூப்பிடுகிறது. எவ்வளவு நாசூக்காகப் பேசினாலும் வெளியாள் வெளியாள்தான். நீங்கள் சொன்ன அந்த ஒரு தகவலை ஒரு பாத்திரமே சொன்னால் என்ன?

திரைமறைவு

அதைத்தான் யோசித்தோம். ஆனால் அரங்கில் இருப்பவர்களுக்குக் கோட்டு மாறியது கண்ணுக்குத் தெரிகிறது. அவர்கள் முன்னால் ஒருவன் வந்து ‘அடடா, நீ சமையற்காரர் கோட்டையல்லவா எடுத்துவிட்டாய்!’ என்று சொன்னால் அசட்டுத்தனமாக இருக்காதா? வானொலிக்காகப் பேசுகிறான் என்று முதல் வரிசைக்குக்கூடத் தெரிந்துவிடும்.

இரண்டாம்அங்கம்

கண்டிப்பாக அசட்டுத்தனம். கண்ணால் பார்ப்பதை வாயால் சொல்லும் வசனம் எப்போதும் செத்த வசனம். ஆனால் சமையற்காரர் உள்ளேயிருந்து, மேடைக்கு வராமலே, ‘என் கோட்டை எவன்டா எடுத்தான்?’ என்று ஒரு கத்துக் கத்தினால்? அரங்கில் இருப்பவருக்கு அது இன்னொரு சிரிப்பு, கதாநாயகனுக்கு அவசரம் கூடுகிறது, கை இன்னும் மோசமாக மாட்டுகிறது. வானொலியில் கேட்பவருக்கு விஷயம் தெரிந்துவிடுகிறது. அரங்கிலும் உபயோகம், காதுக்கும் உபயோகம். இரண்டுக்கும் உதவாத வரியைச் சேர்க்காதீர்கள். வானொலிக்கு மட்டும் உதவுகிற வரியையும் சேர்க்காதீர்கள்.

காதால்பார்ப்பவள்

இந்தக் கத்தல் எனக்குப் போதும். வர்ணனையாளர் வீட்டுக்குப் போகலாம்.

ஆனால் எல்லா இடத்திலும் இப்படி ஒரு சமையற்காரர் கிடைக்க மாட்டார். இரண்டாம் அங்கம் எங்கே நடக்கிறது, யார் யார் மேடையில் இருக்கிறார்கள் என்பதற்கெல்லாம் ஒரு குரல் வேண்டும்தான். அதைத் திரை தூக்குவதற்கு முன்னால் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம்கட்சி

நான் அப்படியே விடுங்கள் கட்சி. அரங்கு அஞ்சலின் அழகே அதுதான். எங்கோ ஒரு கூட்டம் சந்தோஷமாக இருக்கிறது, நானும் ஓரமாக நின்று கேட்கிறேன். எல்லாம் புரிந்தே ஆக வேண்டும் என்றால் வானொலிக்கென்று எழுதி ஸ்டுடியோவில் நடிக்கட்டுமே. அமெரிக்காவில் ‘தி ரயில்ரோட் ஹவர்’ என்று 1948 முதல் 1954 வரை அப்படித்தான் செய்தார்கள். மேடை இசை நாடகங்களைச் சுருக்கி, வானொலிக்கேற்ப எழுதிப் பாடினார்கள். அது வேறு சாதி. அரங்கு அஞ்சல் வேறு சாதி. இரண்டையும் குழப்ப வேண்டாம்.

பழையவால்வு

மூன்றாம்கட்சிக்கு ஆதரவாகவும் எதிராகவும் ஒரே சாட்சி என்னிடம் இருக்கிறது.

‘மீ அண்ட் மை கேர்ள்’ என்ற இசை நகைச்சுவை நாடகம் லண்டன் விக்டோரியா பேலஸ் அரங்கில் 1937 டிசம்பரில் தொடங்கியது. ஆரம்பத்தில் பெரிய பரபரப்பு இல்லை. 1938 ஜனவரியில் பிபிசி அஞ்சல் செய்யவிருந்த ஒரு விளையாட்டு நிகழ்ச்சி ரத்தாகிவிட, அந்த இடத்தை நிரப்ப இந்த நாடகத்தின் பகல் காட்சியை அரங்கிலிருந்து நேரடியாக ஒலிபரப்பினார்கள். அவ்வளவுதான், நாடகம் பிய்த்துக்கொண்டு போனது. 1,646 காட்சிகள் ஓடியது. அதில் வந்த ‘தி லாம்பெத் வாக்’ பாட்டும் ஆட்டமும் பித்துப் பிடித்த மாதிரி பரவியது. 1939 மே மாதம் தொலைக்காட்சியிலும் அரங்கிலிருந்தே நேரடியாகக் காட்டினார்கள்.

கதாநாயகன் லுபினோ லேன் உடம்பால் சிரிக்க வைக்கிற ஆள். குட்டிக்கரணம், விழுவது, உருளுவது எல்லாம் அவருக்குக் கைவந்த கலை. வானொலியில் அதில் எதுவும் போயிருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் ஜனங்கள் அரங்குக்குப் படையெடுத்தார்கள்.

மூன்றாம்கட்சி

பார்த்தீர்களா? யாரும் ஒன்றும் விளக்கவில்லை. புரியாத சிரிப்பே ‘அங்கே என்னதான் நடக்கிறது, போய்ப் பார்ப்போம்’ என்று இழுத்திருக்கிறது. திரைமறைவு, உங்கள் நாடகத்துக்கும் அதுதானே வேண்டும்? எல்லாவற்றையும் காதிலேயே ஊட்டிவிட்டால் அரங்குக்கு எவன் வருவான்?

ஃபேடர்விரல்

அந்த முடிவுக்கு அவ்வளவு சுலபமாக வர முடியாது. எடுத்துக்கொண்டு போனது பாட்டு. ஒருமுறை கேட்டால் முணுமுணுக்கிற பாட்டு, நடுநடுவே எல்லோரும் சேர்ந்து ‘ஓய்!’ என்று கத்துகிற பாட்டு. கத்தலுக்கு விளக்கம் தேவையில்லை, கேட்கிறவனும் தன் வீட்டில் கத்துவான். கோட்டு மாட்டுகிற காட்சியை ஒலிபரப்பி எந்த நாடகமும் ஓகோவென்று போனதில்லை.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது வேறு. பாட்டுகளில் எது காதுக்கு முழுதாகப் போய்ச் சேருமோ அதற்கு உங்கள் ஒலிக்காரர் அதிக நேரம் செலவழிக்கட்டும். கூட்டம் சேர்ந்து பாடும் இடம் இருந்தால் கூட்டத்து மைக்கைத் தாராளமாகத் திறக்கட்டும். ஊமைக் காட்சியில் எத்தனை மைக் வைத்தாலும் வருவது ஊமைதான்.

மூன்றாம்கட்சி

பாட்டு முக்கியம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆவலும் ஒரு சரக்குதான். அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

காதால்பார்ப்பவள்

ஆவல் அரங்குக்கு வரக்கூடியவர்களுக்குச் சரக்கு. வந்தாலும் பார்க்க முடியாதவர்களுக்கு?

மூன்றாம்கட்சி

அதற்கு என்னிடம் பதில் இல்லை.

நெறியாளர்

சூடு ஆரோக்கியமாகவே இருக்கிறது, தொடரலாம். திரைமறைவு கேட்டது நடைமுறை ஆலோசனை என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பத்திரக்காரர்

நடைமுறை என்றதும் எனக்கு வேலை வந்துவிட்டது. மேடையில் நடத்த வாங்கிய அனுமதி ஒலிபரப்புக்குச் செல்லாது. வானொலி நிலையங்கள் பாட்டுகளுக்காக உரிமைச் சங்கங்களோடு போட்டிருக்கும் ஒட்டுமொத்த ஒப்பந்தம் தனிப் பாட்டுகளுக்குத்தான் பொதுவாகப் பொருந்தும். கதையோடு சேர்ந்த முழு இசை நாடகத்துக்கு உரிமையாளரிடமே தனியாகக் கேட்க வேண்டும். நடிகர்கள், வாத்தியக்காரர்கள், இசைக்கோர்வை எழுதியவர் எல்லோரிடமும் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். நேரடி ஒலிபரப்பு ஒன்று, பிறகு இணையத்தில் கேட்க வைத்திருப்பது இன்னொன்று. இரண்டையும் காகிதத்தில் தனித்தனியாக எழுதுங்கள். ‘அதெல்லாம் பார்த்துக்கலாம்’ என்று வாய்வார்த்தையில் விட்டால் ஒலிபரப்பு முடிந்த மறுநாள் பஞ்சாயத்து தொடங்கும்.

திரைமறைவு

நாடகம் எங்கள் குழுவில் இருப்பவரே எழுதியது, இசையும் எங்களுடையதே. இருந்தாலும் நடிகர்களிடம் எழுத்தில் வாங்கிவிடுகிறேன். இணையம் என் நினைவிலேயே இல்லை, நன்றி.

ஒரு கேள்வி. நிலையத்து ஆள் பேச்சோடு பேச்சாக ‘ரொம்ப நேரம் சத்தமே இல்லாமல் விட்டுவிடாதீர்கள்’ என்றார். எதற்காக அப்படிச் சொன்னார்?

ஃபேடர்விரல்

முக்கியமான இடத்துக்கு வந்தீர்கள். நிறைய நிலையங்களில் நிசப்தத்தைக் கண்காணிக்கும் கருவி ஒன்று இருக்கும். ஒலி ஒரு அளவுக்குக் கீழே குறிப்பிட்ட சில நொடிகள் இருந்தால், வயர் அறுந்துவிட்டது என்று முடிவுகட்டி, தயாராக வைத்திருக்கும் பாட்டை அதுவாகவே போட்டுவிடும். உங்கள் கதாநாயகன் கோட்டோடு போராடிக்கொண்டிருக்கும்போது, கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கும்போது, திடீரென்று வேறெங்கோ ஒரு சினிமாப் பாட்டு. நடந்திருக்கிறது.

கூட்டத்து மைக்கை எப்போதும் முழுக்க மூடாமல் வைத்தால் அரங்கின் சலசலப்பே அந்தக் கருவியைச் சமாதானப்படுத்தும். இருந்தாலும் நிலையத்தில் சொல்லி அன்று ஒலிபரப்பு நேரத்துக்கு அதை நிறுத்திவைக்கவோ காத்திருக்கும் நொடிகளைக் கூட்டிவைக்கவோ கேளுங்கள். எந்தெந்தக் காட்சியில் எவ்வளவு நேரம் வசனமில்லை என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். அந்தத் தாள் பணியில் இருப்பவர் கையில் இருக்க வேண்டும், மேலாளர் மேசையில் அல்ல.

அரங்கிலிருந்து நிலையத்துக்கு இரண்டு பாதை வையுங்கள். ஒன்று கம்பிவழி இணைய இணைப்பு, மற்றது வேறொரு நிறுவனத்தின் மொபைல் இணைப்பு. இரண்டும் ஒரே நிறுவனம் என்றால் இரண்டும் சேர்ந்தே படுக்கும். மிக்ஸருக்கும், ஒலியை இணையத்தில் அனுப்பும்படி மாற்றுகிற கோடெக் கருவிக்கும், மின்சாரம் போனாலும் தாங்கும் யுபிஎஸ். மேடை விளக்குகளுக்கு மின்சாரம் போகும் அதே லைனில் ஒலிக்கருவிகளைப் போட வேண்டாம், மங்கலாக்கும் கருவிகளின் இரைச்சல் ஏறும்.

அப்புறம், அறிவிப்பாளர் வானொலிப் பெட்டியில் கேட்டு அதை வைத்துப் பேச முயற்சி செய்யக் கூடாது. கோடெக்கும் நிலையத்துக் கருவிகளும் சேர்ந்து சில நொடி தாமதம் ஆக்கும், டிஜிட்டல் வானொலி என்றால் இன்னும் கூட. மிக்ஸரிலிருந்து நேராக வரும் ஒலியைத்தான் அவர் ஹெட்போனில் கேட்க வேண்டும், மேடை நிர்வாகியோடு பேச ஒரு டாக்பேக் இணைப்பும் வேண்டும்.

கடைசிவரிசை

அறிவிப்பாளர் எப்போது பேசலாம், எப்போது கூடாது? தொடக்க இசை நடக்கும்போதே கதைச் சுருக்கத்தைச் சொல்லிவிட்டால் நேரம் மிச்சம் ஆகுமே.

பழையவால்வு

ஆகாது. 1931 கிறிஸ்துமஸ் அன்று நியூயார்க் மெட்ரோபாலிடன் ஓப்பரா அரங்கிலிருந்து முதல் முழு ஓப்பரா ஒலிபரப்பு நடந்தது. டீம்ஸ் டெய்லர் என்பவர், தாமே பெரிய இசையமைப்பாளர், இசை ஓடிக்கொண்டிருக்கும்போதே மேலே பேசி மேடையில் நடப்பதை விளக்கினார். நேயர்கள் பிடித்துக்கொண்டார்கள், புகாராகக் குவிந்தது. அந்தப் பழக்கத்தைக் கைவிட வேண்டியதாயிற்று. ஓப்பராவுக்கே அந்தக் கதி. உங்கள் நாடகத்தின் தொடக்க இசை ஒலிக்காரருக்கும் வேண்டும், கூட்டம் நிறைந்த அரங்கில் லெவல் சரிபார்க்க அவருக்குக் கிடைக்கும் கடைசி வாய்ப்பு அது. அதன் மேல் யாரும் பேச வேண்டாம்.

திரைமறைவு

குழுவோடு உட்கார்ந்து பேசிவிட்டேன். முடிவு இதுதான்.

சமையற்காரர் கத்தல் உள்ளே வந்துவிட்டது. ஒத்திகையில் போட்டுப் பார்த்தோம், அரங்கிலும் சிரிப்பு கூடுகிறது. அதனால் வானொலி இல்லாத நாட்களிலும் அது இருக்கும். இப்படி இன்னும் இரண்டு இடங்களில் உள்ளேயிருந்து குரல் கொடுக்க வழி கிடைத்தது. மற்றொரு இடம், கடிதத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு படிக்கிற காட்சி. என்ன செய்தாலும் காதுக்கு வரவில்லை, விட்டுவிட்டோம். மூன்றாம்கட்சிக்கு அதைக் காணிக்கையாக வைத்துக்கொள்ளலாம்.

அறிவிப்பாளர் தொடக்க இசைக்கு முன்பும், இடைவேளை முடிந்து இரண்டாம் அங்கத்துக்கு முன்பும் பேசுவார். இடம், ஆட்கள், யார் என்ன உடுத்தியிருக்கிறார்கள் என்பது மட்டும். காதால்பார்ப்பவள் சம்மதித்தால் அந்த அறிவிப்பின் எழுத்துப் படியை அவருக்கு அனுப்பிக் கருத்துக் கேட்க ஆசை. இடைவேளையில் வாத்தியக்காரர் ஒருவரோடு பேட்டி, அதுவும் நேரடி. இடைவேளை நீண்டால் போடுவதற்கு ஒத்திகையில் பதிவு செய்த ஒரு பாட்டு கையிருப்பு.

காதால்பார்ப்பவள்

சம்மதம். உடைகளில் நிறத்தைச் சொல்ல மறந்துவிடாதீர்கள். எனக்கு நிறம் தெரியாது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். கதாநாயகி சிவப்பில் வருகிறாள் என்றால் அவள் எப்படிப்பட்டவள் என்று எல்லோருக்கும் ஒரு எண்ணம் வருகிறதல்லவா, அந்த எண்ணம் எனக்கும் வேண்டும்.

இரண்டாம்அங்கம்

எனக்கு ஒரே ஒரு கவலை. நேரடி என்றால் மேடையில் சொந்தமாக ஏதாவது சொல்லக் கூடாதா? பாதி நாள் என் பெரிய சிரிப்பு அங்கேதான் கிடைக்கிறது.

ஃபேடர்விரல்

தாராளமாகச் சொல்லுங்கள், இரண்டு நிபந்தனை. ஒன்று, சொல்லும்போது உங்கள் மைக் திறந்திருக்க வேண்டும். ஒலிக்காரர் பிரதியைப் பார்த்துத்தான் விரலை நகர்த்துகிறார். உங்கள் வரி முடிந்ததும் மூடிவிடுவார், நீங்கள் சொந்தச் சரக்கை எடுத்துவிடும்போது எதிராளி மைக்கில் தூரத்துக் குரலாகத்தான் வரும். எந்த இடத்தில் கை அரிக்கும் என்று முன்கூட்டியே அவரிடம் சொல்லிவையுங்கள், அங்கே ஃபேடரை இறக்காமல் காத்திருப்பார். இரண்டு, நிலையம் ஏழெட்டு நொடி தாமதம் வைத்து, தகாத வார்த்தை வந்தால் வெட்டும் பொத்தானோடு ஒருவரை உட்கார வைக்கக்கூடும். அவர் பொத்தானை அழுத்தினால் போவது அந்த வார்த்தை மட்டும் அல்ல, தாமதத்தில் சேர்த்துவைத்த அத்தனை நொடியும் போகும். அதற்குள் இன்னொருவருடைய நல்ல ஜோக் இருந்தால் அதுவும் சேர்ந்து போய்விடும்.

இரண்டாம்அங்கம்

புரிந்தது. ஒலிக்காரருக்கு இன்றே ஒரு காபி வாங்கிக் கொடுக்கிறேன்.

திரைமறைவு

இரண்டாக வாங்குங்கள். அவர் இன்னும் ஸ்ப்ளிட்டர் வயர்களோடு மேடையில்தான் இருக்கிறார்.